'மற்றும் பலர்' என்பவர்களில் ஒருவன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். தபால் துறையில் 38 வருடம் வேலை பார்த்து 2014-ல் ஓய்வு பெற்றவன். வயது 71. ஊராருடைய கடிதங்களைச் சுமந்தே காலம் போய்விட்டது. பத்திரிகைக்கென்று சொந்தமாக நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

போன வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சினிமா ஷூட்டிங் நடக்கும் ஊர்களில் வயதான ஆட்கள்கூட வேலைவெட்டியை விட்டுவிட்டுப் போய் வெயிலில் நிற்கிறார்களாம். முகமே தெரியாத வேஷத்துக்கு இப்படி அலைவது மானக்கேடாம். அவர் யாரை மனதில் வைத்து எழுதினாரோ தெரியாது. எங்கள் ஊர் டீக்கடையில் அதைப் படித்த நாலு பேர் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பத்திரிகையை அந்தப் பக்கம் தெரியும்படி மடித்து என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டே போனார்.

ஆமாம், நான் ஒரு படத்தில் நடித்தேன். அந்தப் படத்துக்கு நீங்களும் விமர்சனம் எழுதினீர்கள். ஆறு பேர் பெயரைப் போட்டு, அதற்கப்புறம் 'மற்றும் பலர் நடித்துள்ளனர்' என்று முடித்திருந்தீர்கள். அந்தப் பலரில் ஒருவன் நான். படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நான் எங்கே வருகிறேன் என்று தேடிப்பார்த்து ஏமாந்து போவீர்கள்.

கோபியைச் சுற்றி ஷூட்டிங் என்பது எங்களுக்குப் புதிதில்லை. 'மினி கோடம்பாக்கம்' என்று ஊருக்கு ஒரு பெயரே உண்டு. கொடிவேரி அணை, நெல் வயல், தடப்பள்ளி வாய்க்கால், ஓட்டு வீடு என்று அவர்களுக்கு வேண்டியதெல்லாம் கொஞ்ச தூரத்துக்குள் கிடைத்துவிடுகிறது. வாழைத்தார் லாரிக்கும் கதாநாயகி காருக்கும் ஒரே ரோட்டில் ஒதுங்கி வழிவிட்ட ஊர் இது. ஆகவே கேமராவைக் கண்டதும் வாயைப் பிளந்துகொண்டு போய் நின்றவன் நான் இல்லை.

நடிப்பும் எனக்குப் புதிதில்லை. கிராமத்தில் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டினால் ஒரு ராத்திரி சமூக நாடகம் உண்டு. பெண் வேஷத்துக்கு மட்டும் ஈரோட்டிலிருந்து நடிகையை வரவழைப்போம். சீன் திரை வாடகைக்கு. மேலே இரண்டு மைக் தொங்கும். யார் பேசினாலும் அதற்கு நேர் கீழே வந்து நின்றுதான் பேச வேண்டும், சாகிறவன்கூட அதற்குக் கீழே வந்துதான் சாவான். கதாநாயகன் நாலு முறை, வில்லன் ஏழு முறை, ஜமீன்தார் எத்தனை முறை என்று எண்ணவில்லை. வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, நாடகம் நின்றது. கடைசியாக மேடையேறியது 1993-ல்.

மானக்கேடு என்ற பேச்சும் எனக்குப் பழையதுதான். 'கவர்ன்மென்ட் வேலையில இருந்துக்கிட்டுக் கூத்தாடறான்' என்று எங்கள் அப்பாவே சொல்லியிருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடக சபையை ஆரம்பித்தபோது கூத்தாடி என்பது வசவு. அவர் வக்கீல், பின்னாளில் நீதிபதி. அவரையே சும்மா விட்டிருக்க மாட்டார்கள். தபால்காரனை விடுவார்களா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

படத்தின் கதை 1969-ல் நடக்கிறது. அந்தக் காலத்துத் தபால்காரர் எப்படி இருப்பார், பை எப்படித் தொங்கும் என்று விசாரித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை எங்கள் ஊர் போஸ்ட் ஆபீசுக்கு வந்திருக்கிறது. அசிஸ்டென்ட் டைரக்டராம். இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். அங்கே இருந்தவர்கள் என் வீட்டுக்குக் கை காட்டிவிட்டார்கள். 'ஐயா, மணியார்டர் எப்படிக் குடுப்பாங்கன்னு கொஞ்சம் காட்டுறீங்களா?' என்று கேட்டது. திண்ணையில் உட்கார வைத்து, என் வீட்டம்மாவைப் பணம் வாங்குகிறவராக நிறுத்தி, அரை மணி நேரம் காட்டினேன். அந்தப் பெண் அதை போனில் படம் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்து, 'டைரக்டர் பாத்தாருங்கய்யா. நீங்களே பண்ணிருங்களேன்னு சொல்றாரு' என்றது.

வேஷம் இவ்வளவுதான். சைக்கிளில் வர வேண்டும். ஒரு வீட்டுத் திண்ணையில் இறங்கி, அந்த வீட்டு அம்மாவுக்கு மணியார்டர் கொடுக்க வேண்டும். வசனம் ஒன்றே ஒன்று: 'ரேகை வையுங்கம்மா.' இரண்டு சொல். ஜமீன்தாருக்கு நாலு பக்கம் மனப்பாடம் செய்தவன், இந்த இரண்டு சொல்லை ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வீட்டம்மா தூக்கத்தில் 'வெச்சாச்சு, படுங்க' என்றாள்.

காலை ஐந்தரைக்கு வரச் சொன்னார்கள். என் ஷாட் வந்தபோது மணி மூன்றே முக்கால். அந்தப் பத்து மணி நேரத்தைப் பற்றித்தான் அந்த வாசகர் எழுதியிருக்கிறார், அது வாஸ்தவம்தான். நானும் ஒரு நாற்காலி கேட்டேன். 'அது டைரக்‌ஷன் டிபார்ட்மென்ட் நாற்காலிங்க' என்று ஒரு தம்பி அதைத் தூக்கிக்கொண்டு போனார். காக்கிச் சட்டையோடு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மணியார்டர் வாங்கும் கிழவி வேஷம் அவருக்கு. அறுபத்திரண்டு வயது. சென்னை சாலிகிராமத்திலிருந்து வந்திருந்தார். புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, கட்டப்போகும் சேலையின் தலைப்பில் ஒரு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நூல், குங்குமச் சிமிழ், ரப்பர் செருப்பு, மாற்றுச் சேலை எல்லாம் சொந்தப் பையில் இருந்தது.

'போஸ்ட்மேன் சார், நாற்காலிக்கு அலையாதீங்க. வெயில் எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து உக்காருங்க, போதும்' என்றார்.

31 வருடமாக இதே தொழிலாம். 'நான் நடிச்சதுல எழவு வீடுதான் அதிகம் சார். கல்யாண வீடு ரெண்டாவது' என்றார். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிற மாதிரிக் காட்சி என்றால் காலையில் வைத்த இலைதான் சாயங்காலம் வரைக்கும் இருக்குமாம். சோற்றைப் பிசைந்தால் அடுத்த ஷாட்டுக்கு ஒத்துவராது, அதனால் வாய்க்குப் போகிற மாதிரி போய்த் திரும்ப வேண்டும். எந்தக் கையில் பையைப் பிடித்திருந்தோம், எந்தப் படியில் நின்றோம், தலைப்பு எந்தத் தோளில் கிடந்தது என்று எல்லாவற்றுக்கும் மனதுக்குள் கணக்கு வைத்திருந்தார். நான் பார்சல் சார்ட்டிங்கில் வைத்திருந்த கணக்கைவிடச் சுத்தமான கணக்கு.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர் பாட்டில் நீட்டினேன். வேண்டாம் என்றார். காலையிலிருந்து இரண்டு வாய்தான் குடித்திருக்கிறார். ஏனென்று கேட்டேன். கழிப்பறை வண்டி பெரிய நடிகர்களுக்கு மட்டும்தானாம். கூட்டத்துக்கு வரும் பெண்கள் முக்கால்வாசிப் பேர் தண்ணீர் குடிக்காமலேதான் நாளைத் தள்ளுகிறார்களாம். 'பழகிருச்சு சார்' என்றார். ஷூட்டிங் நடந்த வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர், பதினோரு வருடம் அவர் வீட்டுக்குத் தபால் கொடுத்திருக்கிறேன். உள்ளே போய்ச் சொல்லி, அவர்கள் வீட்டுப் பின்கட்டைத் திறந்துவிடச் செய்தேன். அன்றைக்கு அந்த அம்மாவோடு வந்த ஒன்பது பெண்களும் தண்ணீர் குடித்தார்கள். வாசகர் அவர்களே, மானக்கேடு என்று எழுதத்தான் வேண்டுமென்றால் இதை எழுதியிருக்கலாம். கூட்டத்தில் நின்றவர்களிடம் போய்த் தேடியிருக்கிறீர்கள்.

ஷாட் வைத்தார்கள். என் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பத்துப் பன்னிரண்டு கடிதம் கொடுத்தார்கள். பழக்கதோஷம், புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் விலாசத்துக்குக் கீழே ஆறு இலக்கப் பின்கோடு. அந்த அசிஸ்டென்ட் டைரக்டர் பெண்ணைக் கூப்பிட்டு, 'கண்ணு, கதை 1969-ங்கறே. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15' என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. 'யாருங்கய்யா கவனிக்கப் போறா' என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாக் கடிதத்துக்கும் புது உறை எழுதியது. உறை பைக்குள்ளேயேதான் இருந்தது, கேமரா அதைப் பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து ரேகை. அந்த அம்மாவை வலது கைப் பெருவிரலை வைக்கச் சொல்லியிருந்தார்கள். இடது பெருவிரல் என்றேன். சரி என்றார்கள். சாட்சி எங்கே என்று கேட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படிக்காதவர்கள் ரேகை வைத்துப் பணம் வாங்கினால், எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கொடுக்கிற தபால்காரனே சாட்சியும் போட்டுக்கொள்ள முடியாது. தெருவில் போகிற வாத்தியாரையோ, பள்ளிக்கூடத்துப் பையனையோ கூப்பிட்டுத்தான் நாங்கள் வாங்குவோம். டைரக்டர் இதைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். காலையிலிருந்து டீக்கடை பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பையன், கவுந்தப்பாடிப் பக்கம், பாலிடெக்னிக் படிக்கிறவன். 'தம்பி, நீ வா' என்றார். அவனுக்குக் கை நடுங்கியது. கதையில் இல்லாத ஒரு ஆள் அப்படித்தான் உள்ளே வந்தான்.

முதல் டேக்கில் நான் 'ரேகை வையுங்கம்மா' என்று சொன்னதும் சவுண்டு பார்க்கிறவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டார். தொங்குகிற மைக்குக்குப் பேசிய தொண்டை அது. டைரக்டர் கிட்டே வந்து, கோபிக்காமல், 'ஐயா, இங்க கடைசி வரிசை அந்த அம்மா காதுதான்' என்றார். அதற்கப்புறம் இரண்டு டேக் மெதுவாகப் பேசினேன். நாலாவதில் சைக்கிள் ஸ்டாண்டு இறங்கவில்லை. ஐந்தாவதில் ஒரு கோழி குறுக்கே வந்தது, அதை மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துக்கொண்டார்கள். ஏழாவதில் ஓகே ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

டைரக்டர் கேட்டார்: 'ஐயா, ஏழு டேக்கிலயும் பணம் எண்ணும்போது குனிஞ்சே இருக்கீங்க. அவங்க முகத்தைப் பாக்கவே மாட்டேங்கிறீங்க. நிமிந்து பாத்தா உங்க முகம் நல்லா விழும்.'

நான் சொன்னேன்: 'பாக்க மாட்டமுங்க. பணம் எண்ணிக் குடுக்கையில வாங்கறவங்க மொகத்தைப் பாக்கக் கூடாதுங்க.'

இது இலாகா சட்டம் இல்லை. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1977 என்று நினைக்கிறேன், ஒரு வீட்டில் நாற்பது ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். அந்த அம்மாள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையை நான் பார்த்துவிட்டேன். எதிர்பார்த்தது அதைவிட அதிகம் போலிருக்கிறது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும் வரை அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் என்னிடம் ஒரு மாதிரி கூசிப் பேசினார். வரும் பணம் எந்தக் கடனுக்குப் போகிறது, போதுமா போதாதா என்பதெல்லாம் முகத்தில் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தபால்காரனுக்கு உரிமை கிடையாது. அன்றிலிருந்து நோட்டை எண்ணி, கூப்பனைக் கிழித்துக் கொடுத்து, பையை மூடும் வரை குனிந்த தலை நிமிரமாட்டேன்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை, இரண்டு வரியில் சொன்னேன். டைரக்டர் கேமராமேனைப் பார்த்தார். கேமராவை எடுத்து என் பின்பக்கம் வைக்கச் சொன்னார். சஜஷன் என்றார்கள். அதாவது என் தோளும் காதும் ஓரமாக மங்கலாகத் தெரியும், அதைத் தாண்டி அந்த அம்மா முகம் தெரியும். குனிந்தே இருக்கிற ஆளுக்கு முகம் எதற்கு? நானே என் முகத்தை எடுத்துவிட்டேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, சாயங்காலம் சைக்கிளில் வரும்போதுதான் புரிந்தது.

முதுகு மட்டும்தானே என்று கொஞ்சம் தளர்ந்து நின்றேன். அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: 'சார், கேமரா உங்களப் பாக்கல. நான் பாத்துக்கினு இருக்கேன்ல? நீங்க சும்மா நின்னீங்கன்னா நான் கட்டையப் பாத்துதான் நடிக்கணும்.'

எனக்கு வெட்கமாகிவிட்டது. பையைச் சரியாகத் தோளில் போட்டு, நிஜமாக எண்ணினேன். புரொடக்‌ஷன் கொடுத்த நோட்டு பதின்மூன்றுதான் இருந்தது, கதைப்படி பதினைந்து. இரண்டு குறைகிறது என்று முழங்கை பட்டென்று நின்றுவிட்டது, திரும்ப எண்ணினேன். அதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு எங்கிருந்து வந்ததோ, மூச்சு ஒரு நொடி நின்று போனது. பணம் குறைந்துவிடுமோ என்று பயப்படுகிற கிழவியின் மூச்சு அது. கட் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. படத்தில் இருப்பது அந்த டேக்தான். உங்கள் விமர்சனத்தில்கூட 'மணியார்டர் காட்சி நெகிழ வைக்கிறது' என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரி அவருடையது. பெயர் மட்டும் இல்லை.

அதன் பிறகு அவர் முகத்துக்குத் தனியாக குளோசப். அதில் நான் வரவே மாட்டேன். அந்தப் பெண், 'ஐயா, நீங்க போய் டீ சாப்பிடுங்க, நான் வசனம் குடுத்துக்கறேன்' என்றது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னார்: 'அவரே நிக்கட்டும்மா.' கேமராவுக்குப் பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், காக்கிச் சட்டையோடு நின்று இன்னும் நாலு முறை குனிந்து எண்ணினேன்.

மானம் என்கிறார்களே, எனக்கு அன்றைக்கு அது கிடைத்த இடம் அங்கேதான். எந்த ஜமீன்தார் வேஷத்திலும் அப்படி நின்றதில்லை.

கடைசியாகக் கைக்கு ஒரு ஷாட். இங்க் பேடில் அவர் விரலை உருட்டி, படிவத்தில் வைத்து எடுக்க வேண்டும். என் வலது கையில் பெருவிரலுக்குக் கீழே காசு அளவு ஒரு தழும்பு உண்டு. 1981-ல் பைக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்கும்போது சொட்டியது. மேக்கப்காரர் அதன் மேல் ஏதோ பூச வந்தார். கேமராமேன், 'அதை விட்ருங்க' என்றார்.

சம்பளம் 1,500 ரூபாய். வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரில் கொடுத்தார்கள். நான் எண்ணிப் பார்க்கும்போது அந்தப் புரொடக்‌ஷன் தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேல் தப்பில்லை, சின்னப் பையன்.

படம் வந்தது. வீட்டு ஆட்கள், தெருக்காரர்கள் என்று பதினான்கு பேர் போனோம். எடுத்த ஏழு டேக்கில் சைக்கிளில் வரும் பகுதி தூரத்தில் கொஞ்சம் இருந்தது. கோழி தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் முதுகு. அப்புறம் கை. 'ரேகை வையுங்கம்மா' போய்விட்டது, அந்த இடத்தில் வயலின் போட்டிருந்தார்கள். சாட்சிப் பையன் முழு முகத்தோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிற மாதிரி வந்தான். தியேட்டரில் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர், 'எங்கீங்க, உங்களைக் காணமே?' என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டம்மா, 'அந்தக் கை அவருதுங்க. நாப்பத்தஞ்சு வருசமாச் சோறு போட்ட கை, எனக்குத் தெரியாதா?' என்றாள். தழும்பைப் பார்த்தாளா, விரல் உருட்டியதைப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். 'எம்.ஜி.ஆரே சின்ன வேஷத்துலதான் ஆரம்பிச்சாருங்க' என்று. உண்மைதான். 1936-ல் ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் வேஷம். கதாநாயகன் ஆக 1947 வரை காத்திருந்தார், அதுவும் நம் கோயமுத்தூரில் எடுத்த படத்தில். ஆனால் இந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. சின்ன வேஷத்துக்கு மரியாதை, அது பெரிய வேஷத்துக்கு ஏறும் படி என்பதால்தானா? அப்படியென்றால் 31 வருடமாக எழவு வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாரே, அவர் எந்தப் படியில் நிற்கிறார்? நான் 71 வயதில் எதன் மேல் ஏறப் போகிறேன்? ஊர்க்கடைசி வீட்டுக்கு ஒரே ஒரு கார்டு இருந்தாலும் மூன்று கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். அது சின்னத் தபால் என்று யாரும் பாதியில் திரும்பியதில்லை.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

படம் முடிந்து பெயர்கள் கீழிருந்து மேலே ஏற ஆரம்பித்ததும் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கதவைத் திறந்தார்கள். துடைப்பத்தோடு ஒரு அம்மா உள்ளே வந்துவிட்டார். நாலாவது படிக்கும் என் பேரன் சீட்டின் மேல் ஏறி நின்று, எழுத்துக்கூட்டி, என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். லைட்மேன்கள் பெயர் போய்க்கொண்டிருந்தது. திரை அணைந்துவிட்டது. 'தாத்தா, உங்க பேரு வரவே இல்லை' என்றான். அடுத்த ஆட்டத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

பெயர் இருக்கிறது. அந்த அசிஸ்டென்ட் டைரக்டர் பெண் எங்கேயோ முழுசாகப் பார்த்து, போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தது. மூன்று வரி: மணியார்டர் அம்மா, தபால்காரர், சாட்சி. எதிரே மூன்று பெயர். என் இனிஷியல் தப்பு. தப்பு விலாசத்தையும் சரியான வீட்டில் சேர்த்துப் பழகியவன், அதனால் அதில் வருத்தமில்லை.

தியேட்டர்காரர்கள் அந்த மூன்று நாலு நிமிஷத்தை ஓடவிட வேண்டும். டி.வி.க்காரர்கள் பெயர் வரும் இடத்தில் வெட்டிவிட்டு அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்தைப் போடக் கூடாது. யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பேரன் இருப்பான், அது போதும்.

உங்களுக்கும் ஒன்று. எல்லாப் பெயரையும் போட இடம் இருக்காது. வாரத்துக்கு ஒரு விமர்சனத்தில், 'மற்றும் பலர்' என்று எழுதுவதற்கு முன்னால், அந்தப் பலரில் ஒரே ஒரு பெயரை எடுத்துப் போடுங்கள். யாரை வேண்டுமானாலும் போடுங்கள்.

என் பெயர், விலாசம் உறையில் இருக்கிறது. அச்சில் போட வேண்டாம். டீக்கடைக்காரர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
கோபிசெட்டிபாளையம்.

பின்குறிப்பு: கடிதத்தை வெட்டித்தான் போடுவீர்கள், எனக்குப் பழக்கம்தான். நாடகம் ஆடிய கதையை வெட்டுங்கள், பின்கோடு கதையை வெட்டுங்கள், என் முதுகு, கை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்த ஒன்பது பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்த பகுதியை மட்டும் தயவுசெய்து வைத்துவிடுங்கள்.